சுமை குறைந்தவருக்கே அடுத்த வேலை

வாயைத் திறந்து வேலை சொல்லாத மேலதிகாரி என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு ஃபைல் வேண்டுமென்றால் கேட்கமாட்டார். கணினியில் ஒரு பணியை உருவாக்கி, அதற்கு எண் போட்டு, 'அவசரம்: நடுத்தரம்' என்று குறித்து, கெடு வைத்து அனுப்புவார். உடனே உங்களுக்கு ஒரு மின்னஞ்சல்: பணி ஒதுக்கப்பட்டது. திறந்தால் இன்னொன்று: பணி பார்க்கப்பட்டது. திறக்காவிட்டால் அதற்கும் ஒன்று. ஃபைல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவு அதிகாரி இந்த இனத்தில் நன்றாக முற்றிய ரகம். மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு விதியை எழுதினார்: யார் கையில் நிலுவை குறைவோ, அடுத்த வேலை தானாகவே அவருக்குப் போகும்.

"இனிமே பாரபட்சமே கிடையாது. எல்லாத்தையும் சிஸ்டமே பாத்துக்கும்" என்று மார்தட்டிக்கொண்டார்.

ஒரே வாரத்தில் பிரிவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முடிக்காதவருக்கு வேலை வராது! மூன்று பேர் ஆளுக்கு இருபது புகார்களைத் திறந்தபடியே போட்டுவிட்டு நிம்மதியாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தி வராதவர் மூத்த எழுத்தர் அம்மாள் ஒருவர்தான். எதையும் அரைகுறையாக விட அவருக்கு மனசு வராது. முடிப்பார், டிங் என்று அடுத்தது வந்து விழும். அதையும் முடிப்பார், டிங்.

அன்று ஐந்து மணிக்கு, கண் ஆபரேஷன் முடிந்த அப்பாவை அவர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப்போக வேண்டும். அப்பாவுக்கு இவரை விட்டால் ஆளில்லை. கட்டுப் போட்ட கண்ணோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மகளோ என்று திரும்புவார். நாலு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் கிளம்பலாம் என்று காலையிலிருந்து தலை நிமிராமல் வேலை செய்தார். பைத்தியக்காரி! வேகமாக முடித்த பாவத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்து விழுந்தது.

"அக்கா, முடிக்காதீங்க. அப்படியே போட்டுட்டுக் கிளம்புங்க" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"யாரோ வீட்டுல இன்சுலின் கெட்டுப்போகுதுப்பா. எப்படிப் போடறது?"

அந்த வீட்டுக்கு மெக்கானிக்கைப் போனிலேயே பிடித்து அனுப்பிவிட்டு, நாலரைக்கு அதிகாரி முன்னால் போய் நின்றார்.

"சார், அப்பாவை டிஸ்சார்ஜ் பண்றாங்க. கிளம்பட்டுமா?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோரிக்கை போடுங்கம்மா. உரியவருக்குத் தானா போயிடும்."

"உரியவர் நீங்கதானே சார்?"

"அதை நான் எப்படிச் சொல்றது? சிஸ்டமே சொல்லும்."

இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது? அம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து கோரிக்கையைப் போட்டார். சிஸ்டம் பிரிவு முழுக்கத் தேடிப் பார்த்தது. ஒருவர் கையில் இருபது, இன்னொருவர் கையில் இருபத்திரண்டு, அதிகாரியின் கையில் அவரே திறந்து பார்க்காத நூற்றைம்பது. மிகக் குறைந்த நிலுவை யாருக்கு?

டிங். அம்மாளின் மேஜையிலேயே வந்து விழுந்தது: 'முன்கூட்டியே வெளியேற அனுமதிக் கோரிக்கை. தங்கள் முடிவுக்காக.'

இரண்டு முறை படித்தார். 'அனுமதிக்கப்பட்டது' என்ற பொத்தானை அழுத்தினார். கைப்பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

அதிகாரிக்கு மின்னஞ்சல் வந்தது. யார் அனுமதித்தது என்று பார்க்கவா போகிறார்? "பாத்தீங்களா! ரெண்டே நிமிஷத்துல முடிஞ்சிருச்சு!" என்று காலி நாற்காலியைக் காட்டிப் பூரித்துப்போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்து, தாகம் எடுத்தால், தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வீட்டில் யாரைக் கூப்பிடுவீர்கள்? காலையிலிருந்து சோபாவை விட்டு எழாத தம்பியையா, பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தவளையா?