லிஃப்டில் நின்ற இடர் அதிகாரி

எங்கள் கம்பெனியில் வெளியாட்களிடம் எந்த வேலை வாங்குவதானாலும், அந்த ஆளால் என்னென்ன ஆபத்து வரக்கூடும் என்று முதலில் மதிப்பெண் போட்டாக வேண்டும். அறுபதைத் தாண்டினால் அவர் ஸ்குரூ டிரைவரைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. இந்த மகத்தான விதியை இயற்றியவர் எங்கள் இடர் அதிகாரி. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டவரும் அவரே.

ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவர். மணிக்கொரு கோடு போட்ட பாட்டிலில் தினம் நாலு லிட்டர் தண்ணீர் குடிப்பார். அன்று பன்னிரண்டு மணிக் கோட்டையும் முன்கூட்டியே முடித்திருந்தார்.

லிஃப்ட் மெக்கானிக் பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டார். கொள்முதல் குமாஸ்தாவான நான் படிவத்தோடு கதவிடுக்கருகே உட்கார்ந்தேன்.

"கேள்வி ஏழு. நீங்க வராமப் போனா மாற்று ஏற்பாடு என்ன?"

"நான்தான் வந்துட்டேனே," என்றார் மெக்கானிக்.

"அப்படி எழுத இடமில்லை," என்றார் அதிகாரி உள்ளிருந்து. "வராமப் போனா?"

"என் சம்சாரம் வருவா. அவளுக்கும் இந்த வேலை தெரியும்."

"ஒரே வீடு. ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்ல காய்ச்சல் வந்தா? அஞ்சு மார்க் போடு."

கூட்டிப் பார்த்தேன். அறுபத்தொன்று.

"சார், ஒண்ணே ஒண்ணு குறைச்சிடட்டுமா?"

உள்ளே காலை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. எனக்கே பாவமாக இருந்தது. "விதி போட்டவனே மீறலாமாப்பா?" என்றார். குரல் மெலிந்திருந்தது.

மெக்கானிக் படிவத்தை வாங்கிப் புரட்டினார். "நான் வேலை செஞ்சா என்ன ஆபத்துன்னு நாப்பது கேள்வி இருக்கு. செய்யாம விட்டா யாருக்கு என்ன ஆபத்துன்னு ஒண்ணுகூட இல்லியே?"

உள்ளிருந்து கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

"சேர்த்துக்கோ," என்றார் அதிகாரி. "நாப்பத்தொண்ணு. நம்ம ஆள் ஆபத்துல இருந்தா இருபது மார்க் கழிவு. சீக்கிரம் எழுதுப்பா."

எழுதினேன். கதவு திறந்தது. அதிகாரி யார் முகத்தையும் பார்க்காமல் ஓடினார். விதியும் பிழைத்தது, ஆளும் பிழைத்தார் என்று எல்லோரும் கைதட்டினோம்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இனி எந்தச் சேவை வாங்கும்போதும் ஊழியர் ஒருவராவது நிஜமாகவே ஆபத்தில் இருக்க வேண்டும். அந்த இருபது கழியாமல் யாரும் அறுபதுக்குள் வருவதில்லையாம். யார் என்றைக்கு ஆபத்தில் இருப்பது என்று முறைப்பட்டியலும் ஒட்டினார்கள். நாங்களும் வரிசையில் நின்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம்.

வியாழக்கிழமை லிஃப்டுக்கு வருடாந்திரப் பராமரிப்பு. உள்ளே நிற்கும் முறை என்னுடையது. புதன்கிழமை மத்தியானமே தண்ணீரை நிறுத்திவிட்டேன்.