வெர்னியரின் களாக்காய் ஜாடி

ஓசூர் தொழிற்பேட்டையில் எண்பதுகளில் எத்தனையோ இயந்திர பாகங்கள் தயாராயின. அவற்றில் ஒன்றுகூட எங்கள் வெர்னியர் போட்ட களாக்காய் ஊறுகாய் அளவுக்கு நுணுக்கமாக அளக்கப்பட்டதில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

வெர்னியர் என்பது மயிரிழை கனத்தையும் அளந்து சொல்லும் கருவி. அதைப் பேன்ட் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்த, கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் ஒருவருக்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். கம்பெனிக்கு எதிரே ஒரு லைன் வீட்டில் நான், லேத் ஓட்டும் ஜெயராஜ், வெர்னியர் மூவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பெங்களூருக்குப் படம் பார்க்க பஸ் ஏறுவோம். வெர்னியர் பையை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே கரட்டுக் குன்றுப் பக்கம் நடப்பார்.

அவர் ஒன்றும் காட்டில் பிறந்தவர் அல்ல. சாமல்பட்டி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கீரை என்றால் கட்டாக வரும் என்பதுதான் அவர் அறிந்த தாவரவியல். கம்பெனி கேன்டீனில் வருஷம் முழுக்க முட்டைக்கோஸ் பொரியல் போட்டார்கள். ஒருநாள் தட்டையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தவர், “வெளிய அவ்ளோ பச்சை கிடக்குது. நாம எதுக்குய்யா இதைத் தின்னுட்டு இருக்கோம்?” என்றார். அன்றைக்குப் பிடித்தது சனி.

அவருடைய முதல் குரு ஓர் ஆடு. அது எதைத் தின்கிறதோ அதை மனிதனும் தின்னலாம் என்பது அவர் கண்டுபிடித்த விதி. காலையெல்லாம் ஆட்டின் பின்னால் நடந்து, அது கடித்ததையெல்லாம் பறித்து வந்து வதக்கித் தின்றார். அடுத்த இரண்டு நாள் கம்பெனிக்கு லீவு. மூன்றாம் நாள் கொள்ளுக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் களைக்கொத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்களாம். “ஆட்டுக்கு நாலு வயிறு சாமி. உனக்கு ஒண்ணுதானே?”

அதன்பிறகு அந்தப் பெண்கள்தான் அவருக்குப் பல்கலைக்கழகம். மழை விழுந்தால் குமிட்டிக்கீரை, வெயிலில் களாக்காய், வற்றல் போட மிதுக்கங்காய், கூடை பின்ன ஈச்ச ஓலை என்று ஒரு நோட்டு நிறைந்தது. பின்னிய கூடை நேராக நிற்காது. “ரெண்டு மில்லிமீட்டர் ஆடுது” என்று வெர்னியரே அதை நிராகரித்து, கம்பெனியில் கழித்த பாகத்துக்குக் கட்டுவதுபோலச் சிவப்புச் சீட்டு கட்டிவிடுவார். ஜாடிகளுக்கும் அதே சட்டம். தேறியதற்குப் பச்சைச் சீட்டு, தேறாததற்குச் சிவப்பு. பறித்த இடம், தேதி, உப்பு எத்தனை கிராம், எல்லாம் அதில் இருக்கும். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏனப்பா, இது மனேனா, மார்க்கெட்டா?” என்று கன்னடத்தில் கேட்பார். வீடா சந்தையா என்று எங்களுக்கும் சந்தேகம்தான்.

சிரிப்பெல்லாம் ஒரு பக்கம். மனிதருக்கு வயது முப்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை. முதலில் பார்க்க வந்த பெண் வீட்டார் எங்கள் அறை வாசனையிலேயே திரும்பினார்கள். இரண்டாவது வீட்டார் வந்த பஸ்ஸிலிருந்தே, மாப்பிள்ளை சாக்கடை ஓரம் குனிந்து இலை பறிப்பதைப் பார்த்துவிட்டார்கள். சம்பளமே வராது போல என்று அப்படியே கிருஷ்ணகிரிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார்கள். அன்று மாலை அவர் சாப்பிடவில்லை. “இதெல்லாம் விட்டுடணுமாய்யா?” என்று கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

மூன்றாவதாக பாரூரிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வருவதாகக் கடிதம் வந்தது. இந்தத் தடவை விடக்கூடாது என்று நானும் ஜெயராஜும் களத்தில் இறங்கினோம். முந்தைய நாளே சீட்டுகளையெல்லாம் கழற்றினோம். ஜாடிகளை மூலையில் அடுக்கிப் போர்வையால் மூடி, மறைப்பாக ஒரு நாற்காலியைப் போட்டோம். சீட்டில்லாத சாமானைத் தொடாதே என்று தினமும் கம்பெனியில் பாடம் கேட்பவர்கள் நாங்கள். ஒரு பாட்டிலின் வாயில் வெறும் துணி கட்டியிருந்தது. அதன் சீட்டில், ‘நுரைக்கிறது, மூடக்கூடாது’ என்று எழுதியிருந்ததாம். யார் படித்தார்கள்? வாசனை வரக்கூடாதே என்று ஜெயராஜ் ஒரு தக்கையை வைத்து, லேத் ஓட்டும் கையால் ஓங்கி அறைந்தான்.

மறுநாள் பெண்ணின் அப்பாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். காபி கொடுத்தோம். சம்பளம் கேட்டார், சொன்னோம். ஷிப்ட் கேட்டார், சொன்னோம். அப்போது அவருக்குப் பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பு.

“ஐயோ ரத்தம்!” என்றார் அத்தை.

“ரத்தம் இல்லீங்க,” என்றார் வெர்னியர், அழாத குறையாக. “சப்பாத்திக்கள்ளிப் பழச் சாறுங்க. நான்தான் போட்டேன்.”

அத்தை சட்டையில் விரலை வைத்து நக்கிப் பார்த்தார். “முள்ளை எப்படி எடுத்தீங்க?”

“தேங்கா நாரால தேச்சு, நெருப்புல வாட்டி, துணியில வடிகட்டினேங்க.”

“நாக்குல குத்தலையா?”

“மொதோ தடவை பதினேழு முள்ளு குத்துச்சுங்க. எண்ணி வெச்சிருக்கேன்.”

அத்தை எழுந்து போய்ப் போர்வையை உருவினார். ஒவ்வொரு ஜாடியாகத் திறந்து பார்த்தார். நானும் ஜெயராஜும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். களாக்காய் ஒன்றைக் கடித்தவர் முகத்தைச் சுளித்தார்.

“உப்பு பத்தல. கார்த்திகைக்குள்ள பூசணம் பிடிச்சிடும்.”

வெர்னியர் உடனே நோட்டைத் திறந்தார். வந்த காரியம் மறந்துவிட்டது. “எத்தனை கிராம் போடணுங்க?”

“கிராமாவது ஒண்ணாவது. ஒரு கை அள்ளிப் போடணும்.”

“எந்தக் கைங்க? கைக்குக் கை மாறுமே!” என்றவர், பையிலிருந்து அந்த வெர்னியர் கருவியை எடுத்து அந்த அம்மாளின் உள்ளங்கையை அளக்கப் போய்விட்டார்.

ஜெயராஜ் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவதும் போச்சு என்று நான் நினைத்தேன்.

அத்தை கையை வெடுக்கென்று இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் சிவப்புச் சட்டையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என் கையை எதுக்கு அளக்கறீங்க தம்பி?” என்றார் அத்தை. “எங்க பொண்ணு வந்து போடுவா. அவ கையை அளந்துக்கங்க.”

தை மாதம் கல்யாணம். அந்தக் கொள்ளுக்காட்டுப் பெண்கள் எல்லோரும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தார்கள். வெர்னியர் எங்கள் அறையைக் காலி செய்தார். ஒரு வாரத்துக்கு எங்களுக்குச் சோறே இறங்கவில்லை.

இன்றைக்கும் வருஷம் தவறாமல் எனக்கு ஒரு ஜாடி களாக்காய் வருகிறது. கழுத்தில் பச்சைச் சீட்டு. பறித்த இடம், தேதி, காயின் குறுக்களவு எல்லாம் அதே குண்டு எழுத்தில். உப்பு என்ற இடத்தில் மட்டும் கிராம் கிடையாது. ‘அவள் கையால்’ என்று எழுதியிருக்கும். ஊறுகாய் இரண்டே மாதத்தில் தீர்ந்துவிடும். சீட்டு ஒன்றைக்கூட நான் இதுவரை எறிந்ததில்லை.