சதுக்கத்தில் நின்ற பூதம்

பல் துலக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது: எங்கள் ஊர் நாலு ரோடும் ஒரு சதுக்கம்தானே!

நான்கு தெருக்கள் கூடுமிடத்துக்குப் பழைய பெயர் சதுக்கம். நான்கைக் குறிக்கும் வடசொல்லில் பிறந்து, பிராகிருதம் வழியாகத் தமிழுக்கு வந்தது. வடக்கே ‘சௌக்’ என்பதும் இதன் உடன்பிறப்புதான். அந்தக் காலத்துச் சதுக்கங்களில் ஒரு பூதம் குடியிருந்ததாம். சொல் எங்கள் ஊர்ப் பேச்சில் வழக்கொழிந்துவிட்டது, பயம் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இல்லாவிட்டால் திருஷ்டிப் பூசணியை ஏன் நடுரோட்டில் உடைக்கிறோம்? (அப்போதே யோசித்திருக்கலாம்.)

அன்று அக்காவுக்கு நிச்சயதார்த்தம். ராகுகாலம் தொடங்குமுன் தட்டு மாற்ற வேண்டும், தவறினால் அடுத்த மாதம்தான். கம்பைநல்லூரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டு வேனுக்கு வழிகாட்டும் பொறுப்பு என் ஸ்கூட்டருக்கு. நாலு ரோடு வந்ததும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கினேன். வேனும் நின்றது.

“அத்தை, இதுக்குப் பழைய பேரு சதுக்கங்க. இங்க ஒரு பூதம் இருந்துச்சாம்...” என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கைகளை விரித்தபடி ஓரடி பின்வாங்கினேன்.

சதக்.

“மிதிச்சிட்டியா கண்ணு?”

“லேசாங்க.” கணுக்கால்வரை உடைந்த பூசணியும் குங்குமமும்.

“அதுல லேசு என்ன, கனம் என்ன? மிதிச்சவ பின்னாடி நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது. நீ இங்கயே நில்லு. நாங்க மேப்பு பாத்துப் போயிக்கிறோம்.”

வேன் எங்கள் வீட்டுப் பக்கம் போகாமல் வத்தல்மலைப் பக்கம் திரும்பியது. கத்தினேன், கண்ணாடி ஏற்றியிருந்தார்கள். மாப்பிள்ளையின் போனுக்கு சிக்னல் இல்லை. அக்கா அழைத்தாள்.

“அவங்க எங்கடி?”

“வத்தல்மலைக்குப் போறாங்க.”

“நீ?”

“சதுக்கத்துல.”

“நிச்சயம் நின்னுச்சுன்னா நீ வூட்டுக்கு வராத. அங்கயே இருந்துக்கோ.”

நாலு ரோட்டின் பெருமையே அதுதான்: வழி தவறியவர்கள் அங்கேதான் திரும்பி வரவேண்டும். வேனும் வந்தது. அத்தை தலையை நீட்டினார்.

“பின்னாடி வரமாட்டோம். கையை மட்டும் காட்டு.”

காட்டினேன். ராகுகாலம் பிறக்குமுன் தட்டு மாறியது. நான் குளித்துவிட்டுப் போனபோது பந்தியில் அப்பளம் தீர்ந்திருந்தது.

இன்றும் அத்தை போனில், “பூதம் சாப்புட்டுச்சா?” என்றுதான் என்னைப் பற்றி அக்காவிடம் விசாரிப்பார். ஆனால் அன்று நான் பாதியில் விட்ட கதையை முழுதாகக் கேட்டு வாங்கியவரும் அவரே.

கம்பைநல்லூர் முதல் பொம்மிடி வரை எல்லா நாலு ரோட்டுக்கும் போய், நடுவில் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்கப் போகிறேன். அத்தையும் வருகிறார். வண்டியைவிட்டு இறங்கமாட்டாராம், நான் எங்கே கால் வைக்கிறேன் என்று பார்ப்பதற்காம்.