விசா இல்லாத நாடு ஒன்று

இந்த ஜென்மத்தில் குமுதாவை விமானத்தில் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஏற்றினால் நானும் கூட ஏற வேண்டுமே!

எனக்கு விமானம் என்றால் பயம். வெளியே சொல்லிவிடாதீர்கள். மலேசியாவில், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. உலகத்தில் இருக்கிற துறைமுகத்துக்கெல்லாம் கண்டெய்னர் அனுப்புகிறேன். ஆனால் நான் போனது கம்பெனி ஆட்களோடு எல்லை தாண்டி தாய்லாந்து ஹாட்யாய் வரைதான், அதுவும் பஸ்ஸில். மாலில் கண்ணாடி லிஃப்ட் வந்து நின்றால்கூட, "நடந்தா உடம்புக்கு நல்லது" என்று படியேறிவிடுவேன்.

குமுதாவோ ரயில்காரர் மகள். அவள் அப்பா ரயில் ஓட்டினவர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள்.

"ஒரே ஒரு தடவ புல்லட் ரயில்ல ஏறணும்ங்க. எங்கப்பா ஓட்டாத வேகத்துல நான் போகணும்."

கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் கேட்கிறாள். என்னிடமும் அன்றிலிருந்து ஒரே பதில்தான்.

"விசா கெடைக்காது குமுதா."

"ஏன் கெடைக்காது?"

"எதுக்கு வர்றேன்னு கேப்பான். ரயில் ஏறன்னு சொன்னா சிரிக்க மாட்டானா?"

நம்பினாள். அதற்கு ஒரு சோகக் கதை உண்டு. திருச்சியில் சொந்தக்காரர் கல்யாணம். பாட்டன் ஊருக்குப் போக விசா எதற்கு என்று அவள் குடும்பமே டிக்கெட்டை மட்டும் போட்டுக்கொண்டு, பட்டுப்புடவையும் பலகாரமுமாக ஏர்போர்ட் போயிற்று. போன வேகத்தில் திரும்பியும் வந்தது. பலகாரத்தை நாங்கள்தான் தின்று தீர்த்தோம். சொந்த ஊருக்கே விசா என்றால் அந்நிய ஊருக்குச் சும்மா விடுவானா என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். மலேசிய பாஸ்போர்ட்டைக் காட்டினால் எத்தனையோ நாடு கதவைத் திறக்கும் என்று நானா போய்ச் சொல்வேன்?

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, போன தீபாவளிக்கு ஊரைக் கூப்பிட்டு எங்கள் வீட்டில் வைத்த ஓப்பன் ஹவுஸ் விருந்து வரைக்கும். வீடு நிறைய ஆட்கள். குமுதாவின் தம்பி முகுந்தன் ஆரம்பித்தான்.

"மச்சான், அக்காவ எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க லா. பாவம்."

ஆட்டுக்கறி உள்ளே போயிருந்தது. வீரம் வெளியே வந்தது.

"விசா இல்லாத நாடு ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொல்லு உங்க அக்காவ. நாளைக்கே டிக்கெட் போடறேன்! ஆம்பள வாக்கு!"

பக்கத்து வீட்டு மார்க்கிரட் அக்கா இடியப்பத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஐயோ, தைவானுக்கு விசா வேணாமே சுகு! நான் போன மாசந்தானே போயிட்டு வந்தேன். அங்க புல்லட் ரயில்கூட இருக்கு."

முறுக்கு தொண்டையில் நின்றுவிட்டது. குமுதா ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள். கேட்டார்களாம். கை வேறு தட்டினார்கள்.

மறுநாள் ஆபீஸில் கம்ப்யூட்டரே கதி என்று உட்கார்ந்து தைவான் விதிகளைத் தேடினேன். விசா வேண்டாம்தான். ஆனால் பாஸ்போர்ட்டில் ஆறு மாசமாவது செல்லுபடி இருக்கணும்! என் பாஸ்போர்ட் ஹாட்யாய்க்கு எடுத்தது. நாங்கள் புறப்படும் நேரத்தில் நாலே மாசம்தான் மிஞ்சும். நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தேன்.

திட்டம் சுலபம். வாயே திறக்கக் கூடாது. கவுண்டரில் என்னைத் திருப்பி அனுப்புவார்கள். "அச்சச்சோ" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, குமுதாவை முகுந்தனோடு அனுப்பிவிடுவேன். அவனும் கூட வருவதாகச் சொல்லியிருந்தான். அவள் ஆசையும் நிறைவேறும், என் உயிரும் மிஞ்சும். நான் ஒன்றும் கெட்டவன் இல்லை.

பாஸ்போர்ட் அவள் கண்ணில் பட்டால் புதுப்பிக்கச் சொல்வாள். அதனால் பிளாஸ்டிக் பையில் சுற்றி, யாருமே தேடாத இடத்தில் ஒளித்தேன். அரிசி டப்பாவுக்குள், அடியில்.

"உங்க பாஸ்போர்ட் எங்கங்க? டிக்கெட் போடணும்."

"நம்பர எழுதித் தர்றேன், போடு."

"தேதியெல்லாம் இருக்கா?"

"ஏகப்பட்டது இருக்கு."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"பத்திரமான எடத்துல. ஆம்பள வெச்சா ஆண்டவனாலயும் எடுக்க முடியாது."

"சரிங்க" என்றாள். குமுதா ஒரே வார்த்தையில் சரி என்றால் ஊரே உஷாராக வேண்டும். நான் ஆகவில்லை.

ஒரு வாரம் கழித்து, குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"தைவான் வேணாம்னு விட்டுட்டேன். ஜப்பான் போட்டாச்சு."

"ஜப்பானா! அது வெல அதிகமாச்சே!"

"அதுக்கும் நமக்கு விசா வேணாமாம். ஆம்பள வாக்கு, ஞாபகம் இருக்குல்ல?"

டிக்கெட் விலையை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஆனாலும் மனசைத் தேற்றிக்கொண்டேன். அவர்கள் எந்த நாட்டுக்குப் போனால் என்ன, நான் போகப்போவது கவுண்டர் வரைக்கும்தானே! அந்தத் தைரியத்தில் என் பெட்டியில் துணிகூட வைக்கவில்லை. பழைய பேப்பரைத் திணித்துப் பூட்டினேன்.

புறப்படுகிற நாள் வந்தது. கே.எல்.ஐ.ஏ. ஏர்போர்ட் கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண் உட்கார்ந்திருந்தாள். முகுந்தன் முடிந்தது. குமுதா முடிந்தது. காலையில் அரிசிக்குள்ளிருந்து மீட்ட என் பாஸ்போர்ட்டை நீட்டினேன். அந்தப் பெண் பார்த்தாள், போர்டிங் பாஸை அச்சடித்தாள்.

எனக்குப் பகீர் என்றது.

"ஒரு நிமிஷம்மா. தேதிய நல்லாப் பாரு. நாலு மாசம்தான் இருக்கு."

"பாத்தேன் அங்கிள்."

"ஆறு மாசம் இருக்கணுமே! ரூல் ரூல்தானே? நீ என்னத் திருப்பி அனுப்பினா நான் கோவிச்சுக்க மாட்டேன்மா."

"ஜப்பானுக்கு அந்த ஆறு மாசம் ரூல் இல்ல அங்கிள். நீங்க தங்குற வரைக்கும் செல்லுபடியா இருந்தாப் போதும்."

மெதுவாகத் திரும்பினேன். குமுதா என் போர்டிங் பாஸைக் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அரிசி டப்பாவுல ஒளிச்சு வெச்சா யாரு கண்ணுலங்க படும்? வீட்டுல சோறு வடிக்கிறது நீங்களா, நானா?"

"குமுதா..."

"தைவான்னா இந்தக் கவுண்டரோட உங்க பயணம் முடிஞ்சிருக்கும். உங்க பாஸ்போர்ட்டப் பாத்துட்டுத்தான் ஜப்பானுக்கு மாத்தினேன். திருச்சிக் கல்யாணத்துல பட்டது போதாதா? மறுபடியும் பாக்காமப் போவேனா?"

மானம் போனது போனதுதான். இனி மறைத்து என்ன?

"குமுதா, எனக்கு பிளேன்னா பயம்."

"தெரியும்ங்க. கண்ணாடி லிஃப்டப் பாத்தே ஓடுறவரு வேற எதுக்குப் பயப்படுவாரு? என் கையப் புடிச்சுக்குங்க. நீங்க இல்லாம அந்த ரயில் எதுக்கு எனக்கு?"

பிடித்துக்கொண்டேன்.  அவள் முகத்தைப் பார்த்தேன், எங்கள் கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரிக்கவில்லை. போய்த்தான் பார்ப்போமே என்று எனக்கே தோன்றிவிட்டது.

அந்தப் பெண் என் பெட்டியைப் பார்த்து, "இதுல என்ன இருக்கு அங்கிள்?" என்று கேட்டாள்.

"துணிதாம்மா" என்றேன் கம்பீரமாக.

"பழைய பேப்பர்மா. இவரு துணியெல்லாம் என் பெட்டியில இருக்கு" என்றாள் குமுதா.