இடது கை முறிந்ததும் நான் கையெழுத்துப் போடாததும்

திருச்செங்கோடு,
வெள்ளிக்கிழமை.

அன்பும் மரியாதையும் உள்ள மாப்பிள்ளை, வழக்கறிஞர் ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

தாய்மாமன் தனபால் எழுதுவது. இங்கே என் இடது கை நீங்கலாக நாங்கள் அனைவரும் சுகம். கோயமுத்தூரில் நீங்களும் குழந்தைகளும் சுகம் என்றும், அக்காவின் முட்டி வலி இந்த மாதம் கொஞ்சம் தணிந்திருக்கிறது என்றும் நம்புகிறேன். போனில் விட்டு விட்டுச் சொன்னால் ஆகாது மாமா, நடந்ததை நடந்த வரிசையில் எழுதி அனுப்புங்கள் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன். கடையின் பெயரைக் கண்ட இடத்தில் சொல்ல வேண்டாம் என்றும் நீங்களே சொன்னதால் அதைத் தனித் தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

பத்தொன்பது நாளுக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மகள் நித்யஸ்ரீயின் நிச்சயப் பட்டு எடுக்க நானும் உங்கள் அத்தையும் சேலத்தில் அந்த நான்கு மாடி ஜவுளிக் கடைக்குப் போனோம். மாப்பிள்ளை வீட்டார் எடப்பாடியிலிருந்து எங்களுக்கு முன்பே வந்து இரண்டாவது மாடியில் காத்திருந்தார்கள். உங்கள் அத்தை எஸ்கலேட்டரில் அதுவரை கால் வைத்ததில்லை. சாதாரணப் படிக்கட்டு எங்கே என்று விசாரித்தால் அது பின்பக்கம் இருக்கிறதாம், அதில் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்களாம். "ஏனுங்க, நீங்க இதுல போங்க, நான் பொட்டிய நவுத்தச் சொல்லி மெதுவா ஏறி வாரேன்" என்றாள். சம்பந்தி வீட்டார் காத்திருக்கும்போது இவள் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஏறி வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. முப்பத்து நாலு வருடம் போர்வெல் ரிக்கில் வேலை பார்த்து, ஓடுகிற கம்ப்ரஸர் பக்கத்தில் நின்று சாப்பிட்டு, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் ஓய்வு பெற்றவன் நான். அதை அவளிடம் சொல்லி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். முதல் மாடி வரைக்கும் எந்தக் குறையும் இல்லை. அங்கிருந்து இரண்டாவது மாடிக்குப் போகிற எஸ்கலேட்டரிலும் முக்கால் தூரம் குறையில்லை.

மேலே படிகள் தரைக்குள் போய் மறைகிற இடத்தில் சீப்பு மாதிரி ஒரு தகடு இருக்கிறதல்லவா, அதில் இரண்டு பற்கள் உடைந்து போயிருந்திருக்கின்றன. அது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம் யாரோ என் வேட்டியை இழுக்கிறார்கள் என்பதுதான். அத்தைதான் பயத்தில் பிடித்து இழுக்கிறாள் என்று நினைத்து விடு விடு என்றேன். அவள் இரண்டு கையையும் பக்கவாட்டுப் பட்டையில் வைத்திருந்தாள். அதற்குள் வேட்டி முழுவதும் அந்த ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது, நான் இடது கையை ஊன்றி விழுந்தேன், கை எனக்கு அடியில் மடங்கியது, ஒரு சத்தம் கேட்டது, அது கையின் சத்தம் என்று எனக்கே தெரிந்தது. மேலே எங்களை வரவேற்கக் கும்பிட்டபடி நின்ற சம்பந்தி செங்கோட்டையன் கும்பிட்ட கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். நான் கீழே கிடந்தபடியே "வாங்க சம்பந்தி" என்றேன். வாய்ப் பழக்கம், வேறொன்றும் இல்லை.

அப்போது கைக்குட்டை விற்கிற கவுண்டரிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அமுக்கி இயந்திரத்தை நிறுத்தினாள். பெயர் அகல்யா, அம்மாபேட்டைப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். "சார், அசையாதீங்க. கையை மட்டும் அந்தப் பல்லுகிட்ட கொண்டு போகாதீங்க" என்று சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் வேட்டியை வெட்டி என்னை விடுவித்தாள். சம்பந்தி தன் தோள் துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். அதற்கு முன்பு நாற்பது பேராவது என்னைப் பார்த்திருப்பார்கள். உங்கள் அத்தை தலையணை உறைக்கு எடுத்த துணியில் மீந்ததை வீணாக்கக் கூடாது என்று எனக்கு அரை டவுசர் தைத்திருந்தாள், மயில் போட்ட துணி. இதை நோட்டீஸில் எழுதுவதா வேண்டாமா என்பதை உங்கள் படிப்புக்கு விட்டுவிடுகிறேன்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிவு, தகடு வைத்திருக்கிறார்கள், ஆறு வாரம் கட்டு. மூன்றாம் நாள் கடை மேனேஜர் சரவணக்குமார் ஆப்பிளும் ஆரஞ்சும் ஒரு காகிதமும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மரியாதையான ஆள், செருப்பை வாசலிலேயே கழற்றி நேராக வைத்தார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் கடையே ஏற்கும், பட்டுப் புடவையும் எங்கள் அன்பளிப்பு, இதில் ஒரு கையெழுத்து மட்டும் என்றார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன், அதை உங்களிடம் மறைக்கவில்லை. அத்தைதான் காகிதத்தை வாங்கி, வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். பணியாளர் ஒருவர் அனுமதியின்றி எஸ்கலேட்டரைத் திடீரென நிறுத்தியதால் வாடிக்கையாளர் தடுமாறி விழுந்தார், கடையின் மீது அவருக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதில் இருந்தது.

"அந்தப் புள்ள நிறுத்துனதாலயா நீங்க உழுந்தீங்க? நீங்க உழுந்ததுக்கு அப்பறந்தானுங்களே நிறுத்துச்சு" என்றாள்.

அந்தப் பெண் எங்கே என்று மேனேஜரிடம் கேட்டேன். அடுத்த நாளே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்களாம். நான் பேனாவைக் கீழே வைத்தேன். அவர் கோபப்படவில்லை. "கேஸுன்னு போனா கேமரா பதிவைக் கேப்பாங்க சார். எல்லாரும் பார்க்க ஸ்கிரீன்ல போடுவாங்க. பொண்ணுக்கு நிச்சயம் பண்ற நேரம், நீங்களே யோசிச்சுக்குங்க" என்று தணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். பதிவு முப்பது நாளில் தானாக அழிந்துவிடும் என்பதையும் போகிற போக்கில் சொன்னார்.

நான் யோசித்தேன் மாப்பிள்ளை. ஒரு வாரம் யோசித்தேன். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் போடலாம், வைத்தியச் செலவு தனி, வலிக்குத் தனி, மன உளைச்சலுக்குத் தனி என்று நீங்கள் போனில் விளக்கியபோது, நாற்பது பேர் பார்த்தது எந்தக் கணக்கில் வரும் என்று நான் கேட்டதும், நீங்கள் இருமிக்கொண்டே போனை அத்தையிடம் கொடுக்கச் சொன்னதும் நினைவிருக்கும். சம்பந்தியும் கூப்பிட்டு, எதுக்குங்க வம்பு, நம்ம சனத்துக்குள்ள பேச்சாயிரும் என்றார். அதுவே எனக்கும் சரியென்று பட்டது. நிச்சயமும் கட்டுப் போட்ட கையோடு நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்று வந்த கூட்டத்தில் யார் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று முந்தாநாள் அத்தையையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போய், அந்தப் பதிவை ஒரு தடவை எனக்குக் காட்டுங்கள், பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் காட்டினார்கள்.

நான் நின்ற விதத்தைப் பற்றி அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விழுந்ததும் தெரிகிறது, மயிலும் தெரிகிறது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அத்தை என் தோளைத் தட்டி, பாருங்க என்றாள். அகல்யா ஒரு குழந்தைக்குக் கைக்குட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். நான் விழுகிறேன். சுற்றி நிற்கிற அத்தனை பேரும் அப்படியே நிற்கிறார்கள், ஒருவர் போனைக்கூட எடுக்கிறார். அவள் மட்டும் கவுண்டர் மேல் ஏறிக் குதித்து வருகிறாள். ஓரத்தில் நேரம் ஓடுவதால் எண்ணிப் பார்க்க முடிந்தது, நாலு விநாடி. நிறுத்தும்போது என் வலது கை விரல்களுக்கும் அந்த உடைந்த பற்களுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. இந்தக் கடிதத்தை எழுதுகிற கை அது. மேனேஜர் காகிதத்தை நீட்டினார். மன்னிக்கணுங்க, எனக்கு மனசு மாறிப் போச்சுங்க என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

அன்று மாலையே சம்பந்தியைக் கூப்பிட்டு, வழக்குப் போடப் போகிறேன், உங்களுக்குச் சங்கடம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் தறிகளை நிறுத்தச் சொன்னார். பிறகு, "சாட்சிக்கு ஆள் வேணுமின்னா சொல்லுங்க சம்பந்தி. மேல நின்னு முழுசாப் பார்த்தவன் நாந்தானுங்களே" என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, பதிவு அழிய இன்னும் பதினோரு நாள்தான் இருக்கிறது. அதை அழிக்கக் கூடாது என்று நாளைக்கே நோட்டீஸ் அனுப்புங்கள். எத்தனை பெரிய திரையில் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. என் கைக்கு என்ன கேட்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால், முதல் பத்தியிலேயே, அகல்யாவை அதே கடையில் அதே கவுண்டரில் மறுபடியும் வேலைக்குச் சேர்க்க வேண்டும் என்று அழுத்தமாகக் கேளுங்கள். நானே அவளுடைய வீட்டைக் கண்டுபிடித்துப் போய், உனக்காக நாங்கள் இருக்கிறோம் என்று தைரியம் சொல்வதாக இருக்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் படித்து முன்னுக்கு வர அர்த்தநாரீஸ்வரர் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமன்
தனபால்

பின்குறிப்பு: கடிதத்தைக் கூரியரில் போடப் புறப்படும்போது அகல்யாவே தன் அம்மாவோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியதில் பெரும்பகுதியை அடித்துவிடுங்கள். வேலையை விட்டு அனுப்பிய அன்றைக்கே அவள், லிஃப்ட்டையும் எஸ்கலேட்டரையும் சோதிக்கிற மின் ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் வந்து பார்த்து, உடைந்த பல்லைப் படம் எடுத்து, கேமரா பதிவையும் நகல் வாங்கிப் போய்ப் பத்து நாளாகிறதாம். மேனேஜர் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை. அவளுக்கு வேறு கடையில் சூப்பர்வைசர் வேலையும் கிடைத்துவிட்டது. "பழைய கடைக்கே என்னைத் திருப்பி அனுப்பிடாதீங்க சார், கும்பிடறேன்" என்றாள். தைரியம் சொல்லலாம் என்று இருந்த என்னிடம், செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வந்து நடந்ததைச் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம் என்று அவள் தைரியம் சொன்னாள்.

இன்னொன்று. அவள் எழுதிய புகாரின் நகலை அத்தை விரல் வைத்துப் படித்தாள். பெரியவர் எஸ்கலேட்டரில் முன்பக்கம் பார்த்து நிற்காமல், திரும்பி நின்று தன் மனைவிக்கு எப்படி நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே வந்தார் என்று அதில் இருக்கிறது. அது உண்மைதான், பதிவிலும் அப்படித்தான் தெரிகிறது. வேண்டுமானால் அந்த வரியை எடுத்துவிடட்டுமா சார் என்று அவளே கேட்டாள். வேண்டாமம்மா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அதனால் எனக்கு வர வேண்டியதில் எவ்வளவு குறைந்தாலும் குறையட்டும் மாப்பிள்ளை, நீங்களும் அதில் கை வைக்காதீர்கள்.