இருபத்தெட்டும் மாசற்றவையே

மருந்தில் மாசு இருக்குமோ என்று பொதுமக்கள் அஞ்சினால், அந்த அச்சத்தை முறைப்படி பெற்றுக்கொள்ள ஓர் அலுவலகம் வேண்டும். அதற்காகவே மலாக்காவில் மாத்திரைத் தூய்மைப் பிரிவு திறக்கப்பட்டது. ஏர்கோன் நன்றாகக் குளிரடித்தது.

செங் வட்டாரத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்த பெரியநாயகிக்கு இனிப்பு நீர் வியாதி. இரண்டு வாரத்தில் கண் ஆப்பரேஷன். இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறதென்று ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நேரம் பார்த்து வாட்சாப்பில் சேதி வந்தது: இனிப்பு நீர் மாத்திரையில் ஆபத்தான மாசாம்! பாவம், மாத்திரை வைத்திருந்த பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு புக்கிட் பெருவாங் வீட்டிலிருந்து டாக்சி பிடித்து அந்த அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி புவனேந்திரன் எண்ணிப் பார்த்தார். "இருபத்தெட்டு. எல்லாத்தையும் வச்சிட்டுப் போங்கம்மா."

"ஒண்ணு ரெண்டு போதாதா சார்?"

"சோதிச்சது நல்லாருந்தா சோதிக்காததும் நல்லாருக்கும்னு யாரு கேரண்டி? நூறு கோடியில ஒரு பங்கு மாசு இருந்தாலும் நாங்க விடமாட்டோம்."

"அதுவரைக்கும் நான் எத சாப்புடறது?"

"சோதிக்காத மாத்திரைய சாப்புடக் கூடாது லா. அதான் பாதுகாப்பு."

நியாயம்தானே. மூன்று பிரதிகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். பன்னிரண்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை. மருந்தே இல்லாதபோது பத்தியம் மட்டும் எதற்கென்று, இனிப்பான தே தாரிக் டீயைத் தொட்டாள்.

பதின்மூன்றாம் நாள் தங்க முத்திரையோடு சான்றிதழ் கிடைத்தது. 'மேற்படி இருபத்தெட்டு மாத்திரைகளும் மாசற்றவை, மனிதர் உட்கொள்ள முற்றிலும் உகந்தவை என இதனால் சான்றளிக்கப்படுகிறது.'

பெரியநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றி சார். மாத்திரைய குடுங்க."

"மாத்திரையா? அரைச்சாதானேம்மா சோதிக்க முடியும்! எல்லாம் பவுடராக்கிக் கரைச்சாச்சு."

"நாளான்னிக்கு ஆப்பரேஷன் சார்!"

"அதனாலதான் அவசரமா முடிச்சுக் குடுத்தோம்."

சொல்லிவிட்டு மேசை டிராயரைத் திறந்து, அதே வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

"அது சோதிச்சதா சார்?"

"என்னம்மா நீங்க! இதையும் அரைச்சிட்டா நான் எத சாப்புடறது?"

வெளியே வந்தவள், வந்த கோபத்தில் சான்றிதழைக் கிழித்துப் போடத்தான் நினைத்தாள். தங்க முத்திரையைப் பார்த்ததும் மனசு வரவில்லை. படம் பிடித்துத் தன் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் போட்டாள். அரைத்த கதையை எழுத வெட்கமாக இருந்ததால் எழுதவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குள் அந்த அலுவலக வாசலில் நாற்பத்தொரு பேர் பிஸ்கட் டின்னோடு நின்றார்கள்.

அதற்கடுத்த நாள் ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திப் பார்த்த நர்ஸ் மிஸி திகைத்துப் போனாள். "சீனி பத்தொம்பது! பத்துக்குள்ள இருக்கணும். ஆப்பரேஷன் முடியாது ஆன்ட்டி, மூணு மாசம் கழிச்சு வாங்க. மாத்திரை சாப்புடலையா?"

பெரியநாயகி சான்றிதழை நீட்டினாள். மிஸி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எங்கம்மாவுக்கும் இதே மாத்திரைதான் ஆன்ட்டி. எங்க கொண்டுபோய்க் குடுக்கணும்?"