லண்டன் தண்ணீரின் ரத்த தாகம்

பல்லடம் ரோட்டுத் தகரக் கொட்டகைக்கு முன்னால் நின்ற கார் வரிசையைப் பார்த்தால், உள்ளே விசா கொடுக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். கொடுத்தவர் நீர்வாக்குச் சித்தர், கொடுத்தது வாக்கு. பிள்ளைகள் வாழும் நாட்டுக் குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தால் போதும், அந்தத் தண்ணீருக்குப் பிள்ளையைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். துபாய்த் தண்ணீரும் சிங்கப்பூர்த் தண்ணீரும் துணிமணிக்குள் சுருண்டு பெட்டியில் வந்து இறங்கின. சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த உடம்புக்கு வேறு தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டால், கோயமுத்தூர்ப் பக்கத்தில் தலையாட்டாதவர் யார்?

விடுமுறைக்கு வந்த லோகப்பிரியாவும் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். லண்டன் போனதிலிருந்து அவளுக்குத் தோல் வறண்டது, முடி நாராகி ஒடிந்தது. அங்கே கெட்டிலில்கூட வெள்ளையாகப் பொருக்குக் கட்டும்.

"சாமி வேண்டாம்னு சொல்லிப்போட்டா நீ போகக்கூடாது கண்ணு. வேலைய உட்டுப்போடு" என்று அம்மா நஞ்சம்மாள் முடிவாகச் சொல்லியிருந்தாள். ஆசைப்பட்டுப் படித்து வாங்கிய வேலை, ஒரு பாட்டில் தண்ணீரை நம்பி நின்றது. மகளுக்கு ஆத்திரமான ஆத்திரம்.

சித்தர் முன்னால் இரண்டு பித்தளைச் சொம்புகள். "இது நம்மூருத் தண்ணி" என்று ஒன்றில் மஞ்சள்தூளைப் போட்டார். மஞ்சளாகவே இருந்தது. "இது சீமைத் தண்ணிக்கு" என்று லோகப்பிரியாவின் பாட்டிலை மற்றதில் கொஞ்சம் சாய்த்து, தூளைத் தூவினார். குபீரென்று சிவந்தது! கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அம்மணி, இந்தத் தண்ணி உன்ற ரத்தத்தக் கேக்குது. போகாத. போயே தீரணும்னா மாசாமாசம் இங்க பூஜை."

நஞ்சம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சாமி, பாட்டிலுதானுங்க லண்டன்" என்றாள் லோகப்பிரியா. "தண்ணி உங்க வாசப் பானையில இப்பத்தான் புடிச்சேனுங்க."

சித்தர் சளைப்பாரா? "சீமைப் பாட்டில்ல பூந்ததும் தோஷம் ஒட்டிக்கிச்சு!" என்றார். அதற்கும் நாலு பேர் தலையாட்டினார்கள். பழக்கம் லேசில் விடுமா!

"செரிங்க. பாட்டில்ல மிச்சம் இருக்கறத அந்த நம்மூருச் சொம்புல ஊத்துங்க, பாக்கலாம்."

"தொடாதீங்க! தீட்டு!"

சித்தர் கத்திய கத்தலில் நஞ்சம்மாளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நம்மூருச் சொம்பைப் பறித்தாள், கவிழ்த்தாள், பாட்டிலில் மிச்சமிருந்ததை ஊற்றி மஞ்சளைப் போட்டாள். சிவக்கவில்லை. உடனே சிவந்த சொம்புக்குள் கையை விட்டு அடியை வழித்தாள். விரலில் வெள்ளையாக வந்தது.

"அடப் பாவி! சுண்ணாம்பு! ஊருக்குள்ள எந்தக் கல்யாணம்னாலும் ஆரத்தி கரைக்கறதே நானு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தாச் செவக்கும்னு எனக்கே படங்காட்டறியா?"

அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஆரத்தி கரைத்தவர்கள்தாம். ஒருத்தி சிரித்தாள், பிறகு கொட்டகையே சிரித்தது. சித்தர் செருப்பைக்கூட மாட்டாமல் பின்வாசல் வழியாக ஓடினார்.

காரில் ஏறியதும் நஞ்சம்மாள் கேட்டாள், "அப்பறம் உன்ற முடி ஏங்கண்ணு ஒடியுது?"

"அந்தத் தண்ணியிலயும் சுண்ணாம்புதாம்மா. கெட்டில்ல படியறது அதுதான். அதப் பிரிச்செடுக்க மெஷின் இருக்குது, பூஜை வேண்டியதில்ல."

"அப்ப மெஷின வாங்கிக்க. தேங்காண்ணெய் நான் குடுத்து உடறேன். நேரத்துல போய்ச் சேரு."

கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கைகளே, அடுத்த தடவை முதலில் சொம்புக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள்!